மலையைக் குடைய யார் பணம் கொடுத்தார்கள்?
(பாஜா – கார்லா குகைகள்: ஒரு வியாபாரியின் பார்வை)

பூனாவிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போகிற நம்மவர்களுக்கு லோணாவளா என்றால் சிக்கி நினைவுக்கு வரும், மழைக்காலத்து அருவி நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் மளவ்லி என்று ஒரு சின்ன ஸ்டேஷன் இருக்கிறது. லோக்கல் வண்டி மட்டும் நிற்கும். இந்த ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு மலை, வடக்கே ஒரு மலை. நடுவிலே இந்திராயணி ஆற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கு மலையில் பாஜா குகைகள், வடக்கு மலையில் கார்லா குகைகள். இரண்டும் பௌத்தத் துறவிகள் தங்குவதற்காகச் செங்குத்தான பாறையில் குடைந்தவை. பாஜா கி.மு. இரண்டாம் நூற்றாண்டு, கார்லாவின் பெரிய மண்டபம் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியது. காலையில் கிளம்பினால் இரண்டையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பலாம். பொழுது சாய்ந்தபின் உண்ணாத என்னைப் போன்றவர்களுக்கும் தோதான பயணம்.

நம் சங்கத்து நண்பர்கள் ஐந்து பேர் ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம். போகும்போதே ஒரு கேள்வி கிளம்பிவிட்டது. ரயில்வேயில் ஓய்வு பெற்ற திருநெல்வேலி நண்பர், "என்ன நயினாரே, இதெல்லாம் உங்க ஆளுங்க குகைதானே?" என்றார். சிரிப்புக்குத்தான் கேட்டார். ஆனாலும் கேள்வி நியாயமானது. குகை என்றால் சமணம், புத்தர் போல உட்கார்ந்த சிலை என்றால் பௌத்தம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு குகை யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதைவிட முக்கியமாக, அதை உண்டாக்கப் பணம் கொடுத்தவர் யார்? இன்றைக்கு அதைக் காப்பவர் யார்? இந்த மூன்றையும் பற்றி அன்று கண்ணால் கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பாறையின் குணம்

முதலில் பாறையைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் தமிழ்நாட்டு மலைகள் பெரும்பாலும் கருங்கல். இளக்கமில்லாத, உளி பட்டால் தெறிக்கிற கல். அதனால்தான் நம் ஊர்ப் பழைய சமணப் பள்ளிகளில் குகையைக் குடையவில்லை. இயற்கையாக அமைந்த பாறைப் பொடவைத் தேர்ந்தெடுத்து, தரையில் படுக்கையை மட்டும் வெட்டினார்கள். மழைத்தண்ணீர் உள்ளே வராமல் இருக்க நெற்றியில் ஒரு காடி வெட்டினார்கள். மாங்குளம், அழகர்மலை, புகளூர், சித்தன்னவாசல் எல்லாம் இந்த வகைதான். மலையைக் குடைந்து கோயில் எடுப்பது நம் பக்கம் கி.பி. ஆறு, ஏழாம் நூற்றாண்டுகளில்தான் பெருகியது.

மராட்டிய நாட்டுப் பாறை வேறு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக வழிந்து இறுகியது. தோசை மேல் தோசை அடுக்கியது மாதிரி. மலையின் பக்கவாட்டில் இந்த அடுக்குகள் செங்குத்துச் சுவராக நிற்கும். நல்ல அடுக்கு ஒன்றைப் பார்த்து நேராக உள்ளே வெட்டிக்கொண்டு போகலாம், கூரை தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தனை குடைவரைகள் இருப்பதற்கு முதல் காரணம் பக்தி என்று சொல்லுவோம். பாறைக்கும் அதில் பங்கு உண்டு.

வேலை மேலிருந்து கீழே நடக்கும். கூரையை முதலில் வெட்டி முடித்துவிட்டால் சாரம் கட்டவேண்டிய அவசியமில்லை. வெட்டி முடிக்காமல் விட்ட குகைகளைப் பார்த்தால் இந்த முறை நன்றாகவே புரியும். மேலே வழவழப்பாக இருக்கும், கீழே கல் அப்படியே கிடக்கும்.

பாஜா

மளவ்லியில் இறங்கி எக்ஸ்பிரஸ் சாலையைப் பாலம் வழியாகக் கடந்து சுமார் 3 கிலோமீட்டர் நடந்தால் பாஜா கிராமம். அங்கிருந்து படிக்கட்டு. மேலே விசாப்பூர் கோட்டை, பக்கத்தில் லோஹகட் கோட்டை. குகைகள் மொத்தம் 22.

பௌத்தக் குடைவரைகளில் இரண்டு வகை. ஒன்று சைத்தியம், அது வழிபாட்டு மண்டபம். நீண்ட கூடம், இரண்டு பக்கமும் தூண் வரிசை, கோடியில் அரைவட்டமாக முடியும் இடத்தில் ஸ்தூபம். சுற்றிவர இடம் இருக்கும். இன்னொன்று விஹாரம், துறவிகள் தங்கும் அறைகள். நடுவில் கூடம், சுற்றிலும் சின்னச் சின்ன அறை, அறைக்குள் கல் படுக்கை. அந்தப் படுக்கையைப் பார்த்தவுடன் எனக்கு நம் ஊர்க் கல் படுக்கை ஞாபகம்தான் வந்தது. சமணரானாலும் பௌத்தரானாலும் துறவி ஓரிடத்தில் நிலையாகத் தங்குவது மழைக்காலத்தில்தான். மற்ற நாளெல்லாம் நடை. அந்த மழைக்காலத்துக்குத்தான் இத்தனை கல்வேலை.

பாஜாவின் சைத்தியம் மர வீட்டைப் பார்த்துக் கல்லில் செய்த நகல். 27 எண்கோணத் தூண்கள். அவை நேராக நிற்கவில்லை, உள்பக்கம் சற்றே சாய்ந்திருக்கின்றன. மரக் கட்டடத்தில் வளைந்த கூரையின் பாரத்தைத் தாங்கத் தூணைச் சாய்த்து வைப்பது வழக்கம். கல்லில் அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் தச்சன் கை பழகிய பழக்கத்தைக் கல்தச்சன் விடவில்லை. கூரையில் வளைந்த மரச் சட்டங்கள் இருக்கின்றன. எங்களில் ஓர் எஞ்சினியர் நண்பர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்தச் சட்டம் எதையும் தாங்கல சார், சும்மா அழகுக்கு மாட்டியிருக்கான்" என்றார். சரியாகச் சொன்னார். மலையே கூரை, சட்டம் பழைய மர மண்டபத்தின் நினைவுக்காக.

கொஞ்சம் தள்ளி 14 சின்ன ஸ்தூபங்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. இறந்த தேரர்களின் நினைவாக எழுந்தவை. சிலவற்றில் பெயர்கூட வெட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டி ஒன்றில் விண்ஹுதத்தன் என்ற மஹாரதி அதைத் தானமாகக் கொடுத்ததாகக் கல்வெட்டு. மஹாரதி என்பது அந்நாளைய பெரிய அதிகாரப் பட்டம். அவ்வளவு பெரிய மனிதர் கொடுத்தது ஒரு தண்ணீர்த் தொட்டி. மலைமேல் துறவி இருக்கவேண்டுமானால் முதல் தேவை தண்ணீர்தான். நம் ஊர் சமண மலைகளில் சுனை இருக்கும் இடத்தில்தானே படுக்கை இருக்கிறது?

கார்லாவும் அதன் கணக்குப் புத்தகமும்

மத்தியானம் கட்டுச்சோறு முடித்துக்கொண்டு வடக்கு மலைக்குப் போனோம். கார்லாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். இருபுறமும் தேங்காய், பூ, குங்குமம், பேடா விற்கிற கடைகள். கூட்டம் குகைக்காக வருவதில்லை. குகை வாசலிலேயே இருக்கும் ஏகவீரா தேவிக்காக வருகிறது. கோளி எனப்படும் மீனவர் சமூகத்துக்கு அவள் குலதெய்வம். சித்திரை மாதத்துப் பல்லக்கு விழாவுக்கும் நவராத்திரிக்கும் கொங்கணக் கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

தேவி கோயிலைத் தாண்டினால் பெரிய சைத்தியம். நம் நாட்டிலுள்ள சைத்தியக் குடைவரைகளிலேயே இதுதான் பெரிது. ஏறத்தாழ 125 அடி நீளம், 45 அடி அகலம், உயரமும் 45 அடிக்குக் குறையாது. மொத்தம் 37 தூண்கள். பக்கத்துக்குப் பதினைந்து, ஸ்தூபத்துக்குப் பின்னால் அலங்காரமில்லாத ஏழு. தூண் தலையில் யானைமேல் அமர்ந்த ஆண் பெண் உருவங்கள். ஸ்தூபத்தின்மேல் மரக்குடை இன்றும் நிற்கிறது. முகப்பில் குதிரை லாட வடிவில் பெரிய சாளரம். வாசல் மேற்குப் பார்த்தது. ஆகவே பிற்பகலில் போகவேண்டும், அப்போதுதான் வெளிச்சம் உள்ளே நன்றாக இறங்கும்.

நான் சிற்பத்தைவிட எழுத்தைத் தேடிப் போகிறவன். கார்லாவின் தூண்களிலும் சுவர்களிலும் பிராமி எழுத்தில் யார் எதைக் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. வரவுப் பக்கம் முழுதும் பத்திரமாக இருக்கும் பேரேடு மாதிரி. அதைப் புரட்டினால் என்ன தெரிகிறது?

வைஜயந்தி, அதாவது இன்றைய கர்நாடகத்து வனவாசியிலிருந்து வந்த பூதபாலன் என்ற சேட்டி இந்தக் கல்மாளிகையை முடித்து வைத்ததாக ஒரு கல்வெட்டு. சம்புத்தீவிலேயே சிறந்தது இது என்று அவர் பெருமைப்பட்டுக்கொள்கிறார். நம் 'செட்டி', வடக்கே 'சேட்' இரண்டும் இந்தச் சொல்லின் உறவுதான். வாசலில் நிற்கும் சிங்கத் தூண் ஒரு மஹாரதி கொடுத்தது. வாசல் முகப்பு வேலையில் தேனுகாகடம் என்ற ஊரைச் சேர்ந்த வாசனைப் பொருள் வியாபாரி ஒருவருக்குப் பங்கு. சாமி என்ற தச்சனின் பெயரும் இருக்கிறது. உள்ளே பல தூண்களில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. தேனுகாகடத்து வணிகக் குழு ஒரு தூண் கொடுத்திருக்கிறது. அதே ஊரில் குடியேறியிருந்த யவனர் பலர் ஆளுக்கொரு தூண் கொடுத்திருக்கிறார்கள். சோபாரா துறைமுகத்திலிருந்து வந்த, சூத்திரங்களை ஓதும் துறவி ஒருவரும் ஒரு தூண் கொடுத்திருக்கிறார்.

ராஜாவும் இதில் இருக்கிறார். நஹபானனின் மருமகன் உஷவதாதன் இந்தச் சங்கத்துக்கு ஒரு கிராமத்தையே கொடுத்தான். பின்னால் சாதவாகன அரசன் கௌதமீபுத்திர சாதகர்ணி நஹபானன் வம்சத்தை அழித்தபோதும் அந்தத் தானத்தை அழிக்கவில்லை. தன் ஆணையால் தொடரச் செய்தான். ஆனாலும் மண்டபம் எழுந்தது ராஜா ஒருவர் கஜானாவில் இல்லை. வியாபாரி, தச்சன், வெளிநாட்டான், துறவி என்று பலர் தூண் தூணாகப் போட்ட சந்தாவில் எழுந்தது. நம் சங்கக் கட்டட நிதிக்கு நாம் வசூலித்ததும் இதே முறைதானே? கல்லில் பெயர் போடுகிறோம் என்றால்தான் பணம் வரும் என்பது இரண்டாயிரம் ஆண்டு அனுபவம்!

ஏன் இந்த இடத்தில்? வழி இதுதான். கல்யாண், சோபாரா, சௌல் ஆகிய துறைமுகங்களில் இறங்கிய சரக்கு மலைக் கணவாய் ஏறித்தான் தேர், பைட்டண் போன்ற உள்நாட்டு நகரங்களுக்குப் போகவேண்டும். கணவாய் தாண்டிய மாட்டு வண்டியும் பொதிமாடும் இளைப்பாறும் பள்ளத்தாக்கு இது. பூனாவில் வாழ்ந்த அறிஞர் டி.டி. கோசாம்பி, இந்தக் குகைகளுக்கும் வணிக வழிகளுக்கும் உள்ள தொடர்பைக் கால்நடையாகவே அலைந்து எழுதியிருக்கிறார். துறவிக்கு வியாபாரி சோறு போட்டான். வியாபாரிக்குத் துறவி வழியில் ஒரு நிழலும் மனத்துக்கு ஒரு தெம்பும் கொடுத்தான்.

வட்டிக் கணக்கு

இங்கே நாசிக் குகைக் கல்வெட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். அதே உஷவதாதன், 42-ஆம் ஆண்டு என்று குறித்து, நாசிக் குகையில் தங்கும் துறவிகளுக்காக 3000 காசு முதலீடு செய்தான். காசின் பெயர் கார்ஷாபணம். கோவர்த்தனம் என்ற ஊரில் இருந்த நெசவாளர் குழு ஒன்றில் 2000, மாதம் நூற்றுக்கு ஒன்று வட்டி. இன்னொரு நெசவாளர் குழுவில் 1000, நூற்றுக்கு முக்கால் வட்டி. முதலைத் திருப்பித் தரவேண்டியதில்லை, வட்டியை மட்டும் அனுபவிக்கவேண்டும்.

முதல் தொகையின் வட்டியிலிருந்து மழைக்காலம் தங்கும் 20 துறவிகளுக்கு ஆளுக்கு 12 காசு துணிப்பணம் என்கிறது கல்வெட்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2000-க்கு மாதம் 20 காசு, வருஷத்துக்கு 240. இருபது பேருக்குப் பன்னிரண்டு வீதம் 240. ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டாவது தொகையின் வட்டி வருஷத்துக்கு 90. அது துறவிகளின் மற்றச் செலவுக்கு. இதையெல்லாம் ஊர்ச் சபையில் அறிவித்து ஏட்டில் பதிவும் செய்தார்கள்.

குகையின் படியில் உட்கார்ந்து இந்தக் கணக்கை நான் சொன்னபோது, பாங்க் வேலையில் இருந்த நண்பர், "அண்ணே, இது நம்ம பிக்சட் டெபாசிட்டுதான்" என்றார். நம் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் 'பொலியூட்டு' என்பதும், நந்தா விளக்குக்கு 'சாவா மூவாப் பேராடு' விடுவதும் இதே சிந்தனைதான். முதல் சாகக்கூடாது, பலன் நிற்கக்கூடாது.

யாருடைய குகை?

இனி திருநெல்வேலி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். பாஜாவும் கார்லாவும் பௌத்தம்தான், சந்தேகமில்லை. ஸ்தூபம் இருக்கிறது என்பதால் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. மதுராவில் ஜைன ஸ்தூபமே அகழ்வில் கிடைத்திருக்கிறது. கல்வெட்டுச் சாட்சிதான் பெரிது. கார்லாவின் ஒரு கல்வெட்டு மஹாசாங்கிகர் என்ற பௌத்தப் பிரிவுக்கே தானம் என்று பெயர் சொல்கிறது.

ஆனால் இதே மாவள் வட்டாரத்தில் பாலே என்ற ஊரில் ஒரு குகை. இந்திரரக்ஷிதர் என்ற துறவி குகையும் தண்ணீர்த் தொட்டியும் செய்வித்ததாகச் சொல்லும் அந்தக் கல்வெட்டு, அருகர்களுக்கு வணக்கம் என்று தொடங்குகிறது. எச்.டி. சங்காலியாவும் ஷோபனா கோகலேயும் அதை 1960-களின் கடைசியில் ஆராய்ந்து, இது ஜைனக் குகை என்று கருதினார்கள். ஒரிசாவில் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டும் இதே வணக்கத்தோடு தொடங்குகிறது. 'அருகர்' என்ற சொல் பௌத்தருக்கும் உண்டு என்பதால் அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஜைனனாகப் பிறந்த எனக்கு எல்லாக் குகையையும் நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஆசை இருக்கலாம். கல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு. வரவில் இல்லாததை வரவு வைத்தால் அது பொய்க் கணக்கு.

மதம் வேறானாலும் கொடுத்தவன் ஒருவன்தான் என்பதைத் தமிழ்நாட்டுக் கல்வெட்டு காட்டுகிறது. மதுரைக்குப் பக்கம் மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் கொடுத்த தானம் பதிவாகியிருக்கிறது. நிகமம் என்றால் வணிகர் குழு. அழகர்மலையில் உப்பு வாணிகன், துணி விற்கும் அறுவை வணிகன், கொழு வணிகன், வெல்லப்பாகு விற்ற பணித வணிகன் எல்லாரும் வரிசையாகப் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். புகளூரில் கருவூர்ப் பொன் வாணிகன் நத்தியும் ஓர் எண்ணெய் வாணிகனும் படுக்கை அமைத்துக் கொடுத்தார்கள். கார்லாவில் தூண் கொடுத்தவனும் அழகர்மலையில் படுக்கை கொடுத்தவனும் ஒருவரையொருவர் பார்த்திருக்கமாட்டார்கள். செய்த காரியம் ஒன்றுதான்.

இன்றைக்குக் காப்பவர் யார்?

வணிக வழி மாறியது, குழுக்கள் கலைந்தன, தானம் வற்றியது, துறவிகள் போனார்கள். முதலைச் சாகாமல் வைத்தவர்களால் குழுவைச் சாகாமல் வைக்க முடியவில்லை. கார்லாவில் பௌத்தர் போனபின் இடம் பாழாகவில்லை என்றால் அதற்குத் தொல்லியல் துறை ஒரு காரணம், ஏகவீரா இன்னொரு காரணம். துறை வருவதற்கு முன்னால் பல நூறு ஆண்டுகள் அந்த வழியில் புல் முளைக்காமல் பார்த்துக்கொண்டது மீனவர் காலடிதான். எங்கள் நண்பர் ஒருவர், "புத்தர் கோயில் வாசலை இந்தக் கோயில் மறைக்குதே" என்று குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாசலில் இருப்பவள் காவல்காரி.

நம் ஊரில் மதுரை சமணர் மலையடிவாரத்தில் கருப்பசாமி இருக்கிறார். மேலே தீர்த்தங்கரர், கீழே கருப்பு. கருப்பசாமிக்குப் பயந்து அந்த மலையில் கை வைக்க அஞ்சினவர்கள் எத்தனை பேரோ! 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஜைனர் மொத்தமே ஏறத்தாழ 89 ஆயிரம் பேர், அதுவும் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்களையும் சேர்த்து. இத்தனை மலைகளையும் நாங்கள் மட்டும் காவல் காக்க முடியாது. மதுரை மாவட்டத்தில் பழைய கல்வெட்டும் தீர்த்தங்கரர் சிற்பமும் உள்ள மலைகளை ஒட்டிக் கருங்கல் குவாரிகள் எத்தனை நெருங்கி வந்தன என்பது எல்லாரும் அறிந்தது. அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள். 2024-இல் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது எதிர்த்து நின்றவர்கள் அந்தச் சுற்று வட்டார ஊர் ஜனங்கள். அவர்களில் ஜைனரைத் தேடினாலும் கிடைப்பது அரிது. 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. மகாவீரரைக் காப்பாற்றினார்கள், தங்கள் சுனையையும் ஆடு மேய்கிற மலையையும் காப்பாற்றியதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். அது போதும்.

ஆகவே, யாருடைய குகை என்ற கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. உண்டாக்கியவர் யார் என்பதற்குக் கல்வெட்டு பதில் சொல்லும். அதில் நாம் கை வைக்கக்கூடாது. இன்றைக்கு யாருடையது என்றால், யாருடைய கால் அந்தப் படியேறுகிறதோ அவர்களுடையது. பூனாவிலும் பம்பாயிலும் இருக்கிற நம் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாஜாவுக்கும் கார்லாவுக்கும் போகவேண்டும். மழை முடிந்து ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம். காலையில் பாஜா, பிற்பகலில் கார்லா. குடிதண்ணீர் கையில் இருக்கட்டும், கெட்டிச் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். ஏகவீராவுக்கு ஒரு தேங்காய் வாங்கினாலும் தப்பில்லை. சுவரில் பெயர் மட்டும் கிறுக்கவேண்டாம். அங்கே பெயர் எழுதிக்கொள்ள உரிமை உள்ளவர்கள் ஆளுக்கொரு தூண் கொடுத்திருக்கிறார்கள்.